நாய்க்கு இடம் கொடுக்கும் ஏரிக்கரை

30 ஜனவரி, செவ்வாய்

காலையில் மூடுபனி. துபாய் அல் கூஸ் ரோட்டில் முன்னால் போகிற லாரியே தெரியவில்லை. லேபர் கேம்ப் வேன் ஊர்ந்து ஊர்ந்து சைட்டுக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் லேட். பனி போட்டது கடவுள், லேட் போட்டது எங்கள் பேரில்.

வேலை: கோல்ட் ஸ்டோர் கம்ப்ரசர் ஒன்று. ஸ்ப்ளிட் ஏ.சி. நான்கு. இடது கடைவாய்ப் பல் இன்னும் விடவில்லை. கிராம்பு வைத்துக்கொண்டே வேலை.

சாயங்காலம் ஸ்டெல்லா போன். அல் ஐனில் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கூப்பிடுவாள், அப்போதுதான் அவளுக்குப் பேச நேரம். மகள் ஷைனிக்கு ஏரிக்கரையில் டென்ட் அடித்து ஒரு ராத்திரி தங்க வேண்டுமாம். கிளாஸில் எல்லாரும் போய் வந்தாச்சாம். ஒரே ஒரு கண்டிஷன், ப்ரூனோ வந்தால்தான் அவள் வருவாளாம்.

"நான் வந்தாத்தான்னு சொன்னாளா?"

"நீங்க என்ன, கூடப் போட்டிக்கு நிக்கியளா நாய்கிட்ட?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ப்ரூனோ எங்கள் நாயே இல்லை. பக்கத்து வீட்டு பிசியோதெரபி டாக்டரம்மாவின் நாய். "இரண்டு மாத லீவு, பார்த்துக்கொள்" என்று ஸ்டெல்லாவிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு அவள் நாட்டுக்குப் போனவள். ஐந்து மாதம் ஆச்சு. 'என் குழந்தை எப்படி இருக்கிறான்' என்று மெயில் மட்டும் ஒழுங்காக வருது. ஆள் வரக் காணோம்.

மண் நிறம், கன்றுக்குட்டி உசரம். என்னைக் கண்டால் ஆகாது. வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பத்தரை மணிக்கு நான் கேட்டைத் திறந்தால் குரைக்க ஆரம்பிக்கும். சாப்பாடு வரைக்கும் குரைப்பு. மூன்று மணிக்கு வந்து முகர்ந்து பார்க்கும். நாலு மணிக்கு என் செருப்புப் பக்கத்தில் படுக்கும். ஐந்து மணிக்கு நான் துபாய் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். அடுத்த வெள்ளி முதலிலிருந்து.

பரவாயில்லை. இன்னும் ஒரு மாதம். 28ஆம் தேதி காண்ட்ராக்ட் முடியுது. புதுப்பிக்கப் போவதில்லை. மொய்தீன் காக்கா, காயல்பட்டினத்துக்காரர், அல் ஐனில் ஏ.சி. ரிப்பேர் கடை, விசா தருகிறேன் என்றுவிட்டார். மார்ச் 1 முதல் அவர் கடையில் வேலை. அதாவது வீட்டில் இருந்து வேலைக்குப் போய் வீட்டுக்கே திரும்பி வருவது. ஷைனி ஐந்து வயதில் இங்கே வந்தாள், இப்போ பதின்மூன்று. மூன்று பேரும் ஒரே வீட்டில் சேர்ந்தாற்போல் இருந்தது என் வருடாந்திர லீவில் மட்டும்தான்.

எழுதிப் பார்க்கவே கூச்சமாக இருக்கு.

2 பிப்ரவரி, வெள்ளி

வெயில் இதம். பூசை முடிந்ததும் காக்காவின் பிக்கப்பில் ஏரி பார்க்கப் போனேன். ப்ரூனோவைக் கூட்டிப் போகலாம் என்று கயிற்றைத் தொட்டேன். அது காட்டிய பல்லைப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டேன்.

காக்கா நாயைத் தொடமாட்டார். தொட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும். ஆனால் கறிக்கடையில் எலும்பு கேட்டு வாங்கி, பேப்பரில் சுற்றி, வாசலில் நின்று எறிவார். "தொடத்தான் கூடாது தம்பி. பசியோட விடச் சொல்லி யாரும் சொல்லலியே." அவரைக் கண்டால் வால் ஆடுது. மாதம் இரண்டு தடவை வருகிறவர்.

ஏரி பெரிசுதான். கரைக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டவில்லை. இருபது வருஷம் முன்னால் இது வெறும் மணல் என்கிறார் காக்கா. ஊர் முழுக்கக் குளித்துக் கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்து இங்கே விடுகிறார்களாம். நாரை, நீர்க்கோழி எல்லாம் வந்து குடியேறி இருக்கு. அதுகளுக்கு எந்த கபீல், எந்த ஸ்பான்சர் விசா கொடுத்தானோ. கடல்புரத்தில் பிறந்தவன் எனக்கு உப்பு வாடை இல்லாத தண்ணீர் தண்ணீராகவே படவில்லை.

பார்த்த இடம்:

1. புல்வெளி, பெஞ்சு, குழாய். அழகு. போர்டில் நாய்ப் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு. காலி.
2. பம்ப் ஹவுஸ் பக்கம். நாய்க்குத் தடை இல்லை. கொசுவுக்கும் இல்லை. மணல் மேட்டில் பையன்கள் பைக் விட்டு, டயர்ச் சத்தம் காதைக் கிழிக்குது. ராத்திரி பொம்பளைப் பிள்ளையோடு இங்கேயா? வேண்டாம்.
3. ஏரிக்கு மறுகரையில் ஒன்று உண்டாம். குடும்பங்களுக்கு மட்டும். நேரம் ஆகிவிட்டது. அடுத்த வாரம்.

விபூதிப் புதன் 21ஆம் தேதி. தவக்காலத்தில் கறி சுட்டுத் தின்ன ஸ்டெல்லா விடமாட்டாள். ஆகவே 16, 17. ஷைனிக்கு வெள்ளி, சனி இரண்டு நாளும் லீவு. ஸ்டெல்லா டியூட்டி மாற்றி வாங்கிவிடுவாள். எனக்கு வெள்ளி மட்டும்தான். சனி லீவு கேட்க வேண்டும்.

திரும்பி வந்து ஷைனியிடம் எல்லாம் சொன்னேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "டாக்ஸ் அலவ்ட்னு நல்லா கேட்டீங்களா, டாடி?" என்று மட்டும்.

5 பிப்ரவரி, திங்கள்

தூறல். துணி காயவில்லை. ரூமில் ஆறு பேரின் ஈர பனியன்.

டென்ட் இரவல் கிடைத்தது, கிச்சன் பக்கத்து ரூம் பஞ்சாபியிடம். இரண்டு கம்பி குறையுது. ஏ.சி. செம்புக் குழாய் வெட்டிச் செய்துகொள்ளலாம். தரையில் விரித்து அளவு பார்த்தேன். மூன்று பேர் படுக்கலாம், நாய் வாசலில்.

தங்கதுரை, மேல் பங்க், தூத்துக்குடிக்காரன், எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கேம்ப்ல கெடக்கவன் லீவு போட்டு கேம்ப்புக்கா போவான்? ஊரு உலகத்துல கேள்விப்பட்டிருக்கியாலே?"

ரூம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அவனுக்குக் குடும்பம் ஊரில். எனக்கு நூற்று முப்பது கிலோமீட்டரில். என்னைப் பார்த்து எல்லாருக்கும் பொறாமை. அதை நான் கெடுக்கவில்லை.

லீவு ஃபாரம் கொடுத்தேன். ஃபோர்மேன் வர்கீஸ் வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். "நோக்காம்" என்றார் மலையாளத்தில், பார்க்கலாம் என்று.

9 பிப்ரவரி, வெள்ளி

மறுகரை பார்த்தாச்சு. இதுதான். மணல் மேடு இரண்டுக்கு நடுவில் பள்ளம், காற்று அடிக்காது. தண்ணீர் இருபது எட்டில். இரண்டு கருவேல மரம் மாதிரி ஏதோ மரம், நாயைக் கட்ட நிழல். கயிறு கட்டி எல்லை. வாசலில் ஒரு கேபின், வாட்ச்மேன்.

வாட்ச்மேன் பெஷாவர்க்காரர். தாடி வெள்ளை, நல்ல மனுஷன். இந்தியில் பேசினோம். நாய்? கட்டி வைத்தால் போதும். நெருப்பு? தகரத்தில் மூட்டினால் சரி. பேச்சுலர், குடும்பம் இல்லாமல் வருகிற ஆட்கள்?

"பேச்சுலர் மாஃபி" என்றார். கிடையாது என்று கையை இரண்டு தடவை ஆட்டினார்.

கண்டிப்பா, உண்மையாகவேயா, என்று திருப்பிக் கேட்டேன். போன வாரம் மூன்று பேர் வந்து அழாத குறையாகக் கெஞ்சினார்களாம், திருப்பி அனுப்பிவிட்டாராம். நம்மைப் போல வேலை செய்கிற பசங்கள்தான், பாவம்தான், ஆனால் ரூல் ரூல் என்றார்.

நல்லது என்றேன். ரொம்ப நல்லது என்று கையைப் பிடித்துக் குலுக்கினேன். ரூமில் என்கூடக் கிடக்கிற ஆட்களை மகள் டென்ட் பக்கம் விடக்கூடாது என்று ஒருத்தருக்குக் கை கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அப்போது அது உறைக்கவில்லை.

இன்னொரு விசேஷம், மேட்டுக்குப் பின்னால் போன் டவர் எடுக்கவில்லை. ஒரு கோடு கூட இல்லை. போனைத் தூக்கிப் பிடித்து நாலு பக்கமும் நடந்து பார்த்தேன். சுத்தம். வர்கீஸ் என்ன, சாமியே வந்து கூப்பிட்டாலும் கேட்காது.

நாய் உண்டு. பேச்சுலர் இல்லை. போன் இல்லை. இதைவிட என்ன வேண்டும்.

ஷைனியிடம் சொன்னதும் முதல் தடவையாக எழுந்து வந்தாள். ஒரு தாளில் ஏரியை வரையச் சொன்னாள். டென்ட் எங்கே, மரம் எங்கே, ப்ரூனோ எங்கே. எல்லாம் குறித்தேன். "நீங்க எங்க?" என்று கேட்டாள். டென்ட்டுக்குள் ஒரு புள்ளி வைத்தேன். அந்தத் தாளை ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள்.

12 பிப்ரவரி, திங்கள்

பல் வலி. வெயில். ஸ்ப்ளிட் ஆறு.

வர்கீஸ் கூப்பிட்டார். மேசை மேல் இரண்டு தாள். ஒன்று என் லீவு ஃபாரம். இன்னொன்று காண்ட்ராக்ட் ரினியூவல், இரண்டு வருஷம்.

"சனியாழ்ச்சை லீவோ? ஆத்யம் இதில் ஒப்பிடு."

முதலில் ரினியூவலில் கையெழுத்துப் போடு என்கிறார். மாசக் கடைசியோடு போகிறேன் என்றேன். தெரியும் என்றார். காக்கா கடை பேர் கூடத் தெரிந்து வைத்திருக்கிறார். சின்னக் கடை, இன்றைக்கு இருக்கும் நாளைக்கு ஷட்டர் இறங்கும், அப்புறம் விசாவும் போகும், பெண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து தின்பாயா என்றார். கடைசி மாதத்தில் ஆப்சென்ட் விழுந்தால், வேறு இடம் மாற வேண்டிய ரிலீஸ் பேப்பர் எத்தனை மாதம் இழுக்கும் என்று அவருக்கே தெரியாதாம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மனதுக்குள் அவரைச் சொல்லாத வார்த்தை இல்லை.

13 பிப்ரவரி, செவ்வாய்

ஸ்டெல்லாவிடம் சொன்னேன், சனி லீவு கஷ்டம் போலிருக்கு என்று. ரினியூவல் பற்றிச் சொல்லவில்லை.

"கெடைக்கலன்னா நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வாறோம். நீங்க வெள்ளிக்கிழம பகல்ல மட்டும் வந்துட்டுப் போங்க. மார்ச்சிலேருந்து வீட்டுலதானே கெடக்கப் போறீங்க."

அவள் சரியாகத்தான் சொன்னாள். அதோடு விட்டிருக்க வேண்டும். ஷைனியிடம் போனைக் கொடு என்றேன்.

"இட்ஸ் ஓகே, டாடி. எனக்குத் தெரியும் நீங்க வரமாட்டீங்கன்னு."

கோபமே இல்லை குரலில். அதுதான். ஸ்போர்ட்ஸ் டேக்கு வரவில்லை. கோயிலில் அவள் முதல் நன்மை வாங்கிய அன்று நான் வரும்போது பாதிப் பூசை முடிந்துவிட்டது. போன கிறிஸ்துமஸ் கேக்கை எனக்காக எடுத்து வைத்து அது காய்ந்துபோனது. ஒன்றுக்கும் சண்டை போட்டதில்லை அவள். இட்ஸ் ஓகே. பழகிவிட்டாள்.

14 பிப்ரவரி, புதன்

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

காலை ஆறே காலுக்கு, வேன் ஏறுவதற்கு முன்னால், நின்றபடியே. பேனா வர்கீஸுடையது. சனிக்கிழமை லீவு சாங்ஷன்.

ஏன்? எழுதிப் பார்க்கிறேன். வருவேன் என்று ஒரு தடவையாவது அவளிடம் நிரூபிக்க. அது பாதி. மீதி பயம். காக்கா கடை சின்னக் கடைதான். வர்கீஸ் சொன்ன ஒரு வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, பெண்டாட்டி சம்பளம். என் வீட்டு நாய்க்கே என்னைப் பிடிக்காத வீட்டில், வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருப்பது. எட்டு வருஷம் அந்த வீட்டுக்கு ஆசைப்பட்டுவிட்டு, கதவு திறக்கிற நேரத்தில் இதையெல்லாம் யோசிக்கிறேன். மடையன்.

இனி இடையில் விட்டால் லேபர் பேன், தடை. வேறு எங்கும் வேலைக்குச் சேர முடியாது. இரண்டு வருஷம் முடியும்போது அவளுக்குப் பதினைந்து.

தங்கதுரை கேட்டான், லீவு கிடைச்சிட்டா என்று. கிடைச்சிட்டு என்றேன். "அதிர்ஷ்டக்காரன்லே நீ."

ஏரிக்கரையில் வைத்துச் சொல்லிவிட வேண்டும். வெள்ளி சாயங்காலம், கறி சுடும்போது.

17 பிப்ரவரி, சனி. காலை, ஏரிக்கரை

குளிர். டென்ட் மேல் பனி சொட்டுது. ஸ்டெல்லா தேயிலைத் தண்ணீர் போடுகிறாள். ஷைனி ப்ரூனோவோடு கரையில். நேற்று நடந்ததை இப்போதே எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை ஏழு மணிக்கு வர்கீஸ் போன். கோல்ட் ஸ்டோர் நின்றுவிட்டது, இரண்டு மணி நேர வேலை. லீவுதானே சார் என்றேன். லீவு சனிக்குத்தானே, வெள்ளிக்கு யாரும் எழுதித் தரவில்லையே என்றார். ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு, நீங்கள் காக்கா வண்டியில் முன்னால் போங்கள், நான் நேராக ஏரிக்கு வருகிறேன் என்றேன். "சரி" என்றாள். பின்னால் ஷைனி கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியும்.

இரண்டு மணி நேரம் ஆறு மணி நேரம் ஆச்சு. குளிக்கவில்லை, மாற்றவில்லை. கம்பெனிச் சட்டையோடு, கையெல்லாம் கிரீஸ், ஷேர் டாக்ஸி பிடித்து அல் ஐன், அங்கிருந்து இன்னொரு டாக்ஸி. வாசலில் இறங்கும்போது ஐந்து மணி.

கேபினில் பெஷாவர்க்காரர் இல்லை. வேறு ஆள், இளவயசு, விறைப்பு. என் சட்டையைப் பார்த்தான், முதுகில் கம்பெனி பேர்.

"பாய், பேச்சுலர் மாஃபி."

ஃபேமிலி உள்ளே இருக்கு என்றேன். எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள் என்றான். லேபர் கார்டைக் காட்டினேன். அதில் ஏ.சி. டெக்னீஷியன் என்று இருக்கு, யாருடைய புருஷன் என்று இல்லை. பர்ஸிலிருந்து ஷைனியின் ஸ்கூல் போட்டோவை எடுத்து நீட்டினேன். அவன் அதைக் கையில் வாங்கவே இல்லை, யார் போட்டோவை வேண்டுமானாலும் யாரும் வைத்திருக்கலாம் என்றான். வீட்டம்மாவுக்குப் போன் போடு என்றான்.

போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால். நான்தானே தேடித் தேடிக் கண்டுபிடித்தேன் அந்த எல்லையை.

அரைமணி நேரம். கார் காராகக் குடும்பங்கள் உள்ளே போகுது. ஒரு வண்டி ஜன்னலில் சின்னதாக ஒரு வெள்ளை நாய் தலையை நீட்டிக்கொண்டு போச்சு. அதை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் அவனுக்கே இரக்கம் வந்ததோ என்னவோ. சரி வா, எல்லைக் கயிறு வரை வருகிறேன், கூப்பிட்டுப் பார், யாராவது வந்தால் விடுகிறேன் என்று கூட நடந்தான். மேட்டு மேலிருந்து எங்கள் டென்ட் தெரிந்தது. செம்புக் குழாய்க் கம்பி மின்னியது. நான் வரைந்து கொடுத்த இடத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

"ஷைனீ..."

முதலில் வந்தது ப்ரூனோ. கயிற்றை அறுத்துக்கொண்டு, மேட்டில் மணல் பறக்க. எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டி, உடம்பு முழுக்க மயிர் சிலிர்த்துக் குரைத்தது. அப்படி ஒரு குரைப்பு எந்த வெள்ளிக்கிழமையும் குரைத்ததில்லை. கிரீஸ் நாற்றம் வேறு.

வாட்ச்மேன் என்னைப் பார்த்தான், நாயைப் பார்த்தான்.

"இது உன் வீட்டு நாயா?"

ஆமாம் என்றேன்.

"நாய் பொய் சொல்லாது பாய். சலோ, வாபஸ்."

என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். தள்ளவில்லை. திருப்பினான், அவ்வளவுதான். நான் நடக்கவும் ஆரம்பித்தேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எட்டு எடுத்து வைத்தேன்.

"அங்கிள்! அங்கிள், வெயிட்!"

ஷைனி. மூச்சு வாங்க ஓடி வந்து ப்ரூனோவின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். இங்கிலீஷில் அவனிடம் சொன்னாள், அவர் என் அப்பா, நாய்க்கு அவரைத் தெரியாது, அவர் எங்களோடு இருப்பதில்லை.

ஒரு வருத்தமும் இல்லாமல், வழி சொல்வது மாதிரி.

அவன் உடனே ஒதுங்கி, சாரி பாய், என்று சொல்லிக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தான். குனிந்து உள்ளே போனேன். "வந்துட்டீங்களா" என்றாள் ஷைனி. வரமாட்டேன் என்று ஸ்டெல்லாவிடம் பந்தயம் கட்டியிருந்தாளாம், தோற்றுவிட்டாளாம். சிரித்தாள். என் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டே மேட்டை இறங்கினாள். சொன்னபடி வந்துவிட்டேன், அதற்காக அந்தக் கை. நான் எதைக் கொடுத்து வந்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

கறி சுட்டோம். சொல்லவில்லை. சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். ஸ்டெல்லா பேச்செல்லாம் மார்ச்சைப் பற்றி. கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது, ஷைனிக்கு ஹாலில் திரை. சொல்லவில்லை.

(பிறகு, பதினொரு மணி. காக்கா வண்டிக்குக் காத்திருக்கிறோம்.)

சற்று முன் ஷைனி வந்து கையை நீட்டினாள்.

"டாடி, உங்க சட்டையக் குடுங்க. நேத்துப் போட்டிருந்தது."

"அழுக்கு பிள்ளே, அது எதுக்கு?"

"அழுக்குத்தான் வேணும். ப்ரூனோ பெட்ல போடப் போறேன். டெய்லி ஸ்மெல் பண்ணிப் பண்ணி ஒண்ணாந் தேதிக்குள்ள பழகிரும். அப்புறம் நீங்க டெய்லி வரும்போது குரைக்காது."

அவளாக யோசித்தது. ராத்திரி முழுக்க யோசித்திருப்பாள் போல. ஸ்டெல்லா அடுப்புத் தகரத்தைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது.

பையிலிருந்து சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை மடித்துக்கூட வாங்கவில்லை, வாசனை போகும் என்று பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டினாள்.

18 பிப்ரவரி, ஞாயிறு

காற்று. கண்ணெல்லாம் மணல். கோல்ட் ஸ்டோர் மறுபடியும் நின்றுவிட்டது.

சட்டை ஒன்று குறைகிறதே என்று வர்கீஸ் கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன். அதனாலென்ன, உனக்குத்தான் புது செட் வந்திருக்கே, ஸ்டோருக்குப் போ என்றார்.

ஸ்டோரில் ரஃபீக் பாய், சிட்டகாங். "நயா காண்ட்ராக்ட்? முபாரக்" என்று எழுந்து கை கொடுத்தார். நாலு சட்டை, நாலு பேண்ட், பூட்ஸ் ஒரு ஜோடி. இரண்டு வருஷத்துக்கு வரவேண்டும், இடையில் கேட்டால் கிடையாது, பத்திரம். ரெஜிஸ்டரில் கையெழுத்து.

போட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்டெல்லா மெசேஜ். ப்ரூனோ சட்டை மேல் தலையை வைத்துத் தூங்குதாம். காலையில் ஷைனி அதை எடுத்து உதறப் போனால் கொடுக்க மாட்டேன் என்று உறுமுதாம்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் புதுத் துணிக் கவரைத் தூக்கிக்கொண்டேன்.

ரூமுக்கு வந்து கவரைப் பிரித்தேன். ஒரு சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். கடைத் துணி வாசனை.